தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்: கல்லூரிக் கடிதம் முதல் நிறைவுச் சான்றிதழ் வரை

இது தமிழ்நாட்டில் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கானது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்களுக்குக் களப்பணி பாடத்திலேயே இருப்பதால் துறை ஆசிரியர்கள் ஓரளவு வழி சொல்லிவிடுவார்கள். பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ., இன்ஜினியரிங் படிப்பவர்கள்தான் கிரெடிட்டுக்காகக் கடைசி நேரத்தில் இடம் தேடி அலைகிறார்கள்.

மாவட்ட அளவில் இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்களைக் கவனித்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. நான் பார்த்தவரை, வேலை தெரியாமல் திணறுகிறவர்களைவிட வரிசை மாறித் திணறுகிறவர்களே அதிகம். சேரும்முன் கேட்க வேண்டியதைக் கிளம்பும்போது கேட்பார்கள். அதனால் எதை எப்போது செய்வது என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கல்லூரி என்ன கேட்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நிறுவனத்தைத் தேடும்முன் துறை அலுவலகத்துக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை மணி நேரம் வேண்டும்? வருகைப் பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும் கல்லூரியின் படிவம் உண்டா? அறிக்கை எந்த வடிவத்தில் வேண்டும்?

யுஜிசி கணக்குப்படி இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். இரண்டு கிரெடிட் என்றால் 60 மணி, நான்கு என்றால் 120 மணி. நாளுக்கு ஆறு மணி நேரம் வைத்தாலும் 120 மணிக்கு 20 வேலை நாள் வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் சேர்த்தால் நான்கு வாரத்தைத் தொட்டுவிடும். "இரண்டு வாரம் வரேன் சார், ஒரு மாசம்னு போட்டுக் கொடுத்துடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல நிறுவனம் அப்படிப் போட்டுத் தராது. தருகிற நிறுவனத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தைத் தேர்வு முடியும்முன்பே வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் துறைத் தலைவர் ஊரில் இருக்க மாட்டார், அலுவலகத்தில் சீல் வைக்க ஆள் இருக்காது. நிறுவனத்தின் பெயர் இல்லாமல் பொதுவாக ஒன்று கேளுங்கள். இடம் உறுதியான பிறகு பெயர் போட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பெயர் போட்ட கடிதம்தான் தருவோம் என்று சில துறைகளில் சொல்வார்கள். அங்கே விண்ணப்ப வேலையை இன்னும் ஒரு மாதம் முன்தள்ளிக்கொள்ள வேண்டியதுதான்.

2. எந்த மாதிரி இடம் என்று முடிவு செய்யுங்கள்

தொண்டு நிறுவனம் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள் இருக்கின்றன. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்குகிறது. சென்னை பான்யன் மனநலம் குன்றி வீடற்றுப்போனவர்களோடு வேலை செய்கிறது. மதுரை தானம் அறக்கட்டளையின் வேலை பெண்களின் சேமிப்புக் குழுக்கள், கண்மாய் என்று போகும். தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனால் அது ஆராய்ச்சிச் சூழல். பெயர் தெரிந்த இத்தகைய இடங்களுக்கு விண்ணப்பங்கள் நிறையப் போகும். உங்கள் தாலுகாவிலேயே ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறு டிரஸ்ட்டுக்கு யாரும் எழுதுவதில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சிறிய இடத்தைத்தான் சொல்வேன். அங்கே கணக்கு, களம், அறிக்கை மூன்றையும் ஒரே மாதத்தில் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. குழந்தைகள் இல்லத்தில் சில வாரம் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வருவது பலருடைய ஆசை. அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பலரைப் பிரிந்து வந்தவர்கள். நீங்கள் ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அது இன்னொரு பிரிவு. இரண்டு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் இல்லத்தில் அலுவலக வேலை, நூலகம் அடுக்குவது, பதிவேடு என்று கேளுங்கள். குறுகிய காலத்துக்கு வருகிறவரைப் பிள்ளைகளிடம் நேராக விடாத இல்லம் நல்ல இல்லம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

3. நிறுவனத்தைச் சரிபாருங்கள்

பதிவு மூன்று வகை. சார் பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த டிரஸ்ட்; 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்த சங்கம்; 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி பதிந்த லாப நோக்கமற்ற கம்பெனி. எதுவாக இருந்தாலும் சரி, பதிவு எண் இருக்க வேண்டும்.

தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரங்களைப் பதியும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் மாநிலம், மாவட்டம் வாரியாகத் தேடலாம். அங்கே பெயர் இருந்தால் நிறுவனம் நல்லது என்று அர்த்தமில்லை. விவரம் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அரசு நிதியோ வெளிநாட்டு நிதியோ வாங்குவதாகச் சொல்லும் நிறுவனம் அங்கே இல்லையென்றால் ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்து ஆண்டறிக்கை. கடைசியாக எந்த ஆண்டுக்குப் போட்டிருக்கிறார்கள், வரவு செலவு இருக்கிறதா, வேலை நடக்கும் ஊர்ப்பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊர்ப்பெயரே இல்லாமல் சிரிக்கும் குழந்தைகளின் படமாகவே நிறைந்த அறிக்கை எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டு இடங்களிலிருந்து உடனே விலகிவிடுங்கள். சான்றிதழுக்குப் பணம் கேட்பது ஒன்று. மற்றொன்று இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நன்கொடை வசூல்: உங்களுக்கு ஒரு லிங்க் தருவார்கள், இத்தனை ஆயிரம் திரட்டினால் சான்றிதழ், அதற்கு மேல் திரட்டினால் 'சிறந்த இன்டர்ன்' பட்டம் என்பார்கள். கடைசியில் மாமா, சித்தி, பள்ளித் தோழர்கள் என்று சொந்த வட்டத்திடம் கேட்டதுதான் மிச்சம். நிதி திரட்டுவது கௌரவமான வேலைதான், அதைக் கற்றுக்கொடுக்கவும் முடியும். வெறும் இலக்கு மட்டும் கொடுத்தால் அது பயிற்சி ஆகாது.

4. விண்ணப்பம்: 'எந்த வேலையானாலும் சரி' என்று எழுதாதீர்கள்

எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், 'சமூகத்துக்குச் சேவை செய்ய ஆர்வமாக உள்ளேன், எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்' என்ற ரகம். அடக்கமாக எழுதுவதாக நினைத்து எழுதுகிறார்கள். வாங்குகிறவருக்கு அது ஒரு சுமை. இந்தப் பையனுக்கு என்ன வேலை தரலாம் என்று அவரே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்க நேரம் இருக்காது, கடிதம் கீழே போய்விடும்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம். நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. மே 4 முதல் 30 வரை, திங்கள் முதல் சனி வரை, நாளுக்கு ஆறு மணி நேரம் வர முடியும். கல்லூரிக்கு 120 மணி நேரம் தேவை. எக்செல் நன்றாக வரும். தமிழ் யூனிகோட் தட்டச்சு தெரியும். டேலி அடிப்படை படித்திருக்கிறேன். உங்கள் ஆண்டறிக்கையில் மாலை நேரப் படிப்பு மையங்களைப் பற்றிப் படித்தேன். அந்த மையங்களின் வருகைப் பதிவைத் தொகுப்பதிலோ வவுச்சர் சரிபார்ப்பதிலோ உதவலாம் என்று நினைக்கிறேன். வேறு தேவை இருந்தாலும் சொல்லுங்கள். கல்லூரிக் கடிதம் இணைத்திருக்கிறேன்.'

இதில் தேதி, நேரம், கைவேலை, ஒரு குறிப்பான யோசனை எல்லாம் இருக்கிறது. படிப்பவர் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். பத்து நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பும்போது முந்தைய நிறுவனத்தின் பெயரை மாற்ற மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், வாராவாரம் நடக்கிறது.

கோடை விடுமுறைக்கு என்றால் பிப்ரவரி கடைசியில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் நான்கைந்து நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். சிறிய நிறுவனங்களில் மின்னஞ்சலைத் திறப்பதே வாரத்தில் இரண்டு நாளாக இருக்கும். கூப்பிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களே பேசுங்கள், அப்பாவைப் பேச விடாதீர்கள்.

5. சேரும்முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. வாய்மொழியாகப் பேசியதை நீங்களே ஒரு மின்னஞ்சலில் எழுதி, 'இப்படித்தான் புரிந்துகொண்டேன், சரிதானே?' என்று கேட்டு ஒரு 'சரி' வாங்கினால் போதும்.

தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை நேரம் இருக்கட்டும். உங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் பெயர் கட்டாயம் இருக்கட்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். முடிவில் என்ன கொடுத்துவிட்டுப் போவீர்கள் என்பதும் வேண்டும். அது சிறியதாக, உங்கள் காலத்துக்குள் முடிகிறதாக இருக்க வேண்டும். 'மூன்று கிராமங்களில் 60 வீடுகளின் குடிநீர்க் கணக்கெடுப்பும் நான்கு பக்கத் தொகுப்பும்' என்பது முடியும். 'கிராம மேம்பாட்டில் பங்களிப்பு' என்பது எந்தக் காலத்திலும் முடியாது.

பணத்தையும் கூச்சப்படாமல் கேளுங்கள். உதவித்தொகை உண்டா என்று ஒருமுறை, களத்துக்குப் போகும் பேருந்துச் செலவு, சாப்பாடு யார் பொறுப்பு என்று இன்னொரு முறை. பெரும்பாலும் உதவித்தொகை இருக்காது. நிதி கொடுப்பவர்கள் திட்டச் செலவுக்குத் தருவார்கள், ஆள் செலவுக்குக் கையைச் சுருக்குவார்கள். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 2020இல் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டதும் சேர்ந்துகொண்டது. ஆனால் களப் பயணச் செலவை இன்டர்ன் கையிலிருந்து போடச் சொல்வது சரியில்லை. முன்கூட்டிப் பேசினால் அநேகமாகக் கிடைத்துவிடும். பிறகு பேசினால் டிக்கெட் எங்கே, வவுச்சர் எங்கே என்று இழுக்கும்.

தங்க வேண்டியிருந்தால் அறையை நேரில் பாருங்கள் அல்லது வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். கழிப்பறை, உள்தாழ்ப்பாள், இரவில் யார் இருப்பார்கள் என்ற மூன்றும் முக்கியம்.

பாலியல் தொல்லை பற்றிய உள்ளகப் புகார் குழு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். 2013 சட்டம் சம்பளம் வாங்காத தன்னார்வலரையும் பயிற்சியாளரையும் ஊழியர் என்றே கருதுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

6. முதல் வாரம்: கூடவே போங்கள், எழுதிவையுங்கள்

முதல் இரண்டு நாளில் நீங்கள் வேலை செய்யப்போகும் திட்டத்தின் ப்ரொபோசலையும் கடைசியாகப் போன அறிக்கையையும் வாங்கிப் படியுங்கள். நன்கொடையாளருக்கு என்ன சொல்லி நிதி வாங்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான், ஏன் இந்தப் பதிவேட்டை இப்படி வைக்கிறார்கள், ஏன் எல்லாவற்றுக்கும் போட்டோ எடுக்கிறார்கள் என்பது புரியும். தெரியாமல் களத்துக்குப் போனவர்கள், 'எதற்கு இவ்வளவு கையெழுத்து வாங்குகிறார்கள்' என்று அலுத்துக்கொண்டே ஒரு மாதத்தைக் கழிப்பார்கள்.

மீதி நாட்கள் களப்பணியாளருக்குப் பின்னால் நடங்கள். பெரும்பாலும் ஒரு அக்காவாக இருப்பார். பத்துப் பன்னிரண்டு ஆண்டாக அதே ஊர்களுக்குப் போய்வருபவர். எந்த வீட்டில் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பட்டப்படிப்பு இல்லாதவராக இருக்கலாம். அவரிடம் ஆங்கிலச் சொற்களை அள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் உங்களுக்கு வாசல் திறப்பது அவர் முகத்தை வைத்துத்தான்.

டைரி அன்றன்றே எழுதுங்கள். தேதி, போன இடம், வந்த நேரம், செய்த வேலை, கேட்டதில் ஒரு விஷயம், புரியாத ஒன்று. அரைப் பக்கம் போதும். வாரக் கடைசியில் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் ஒரு மாத டைரியை ஒரே பேனாவில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகாது.

7. களத்தில்

எங்கள் இன்டர்ன்கள் தடுமாறுவது அதிகமும் இங்கேதான்.

நேரம். காலை பதினொரு மணிக்குக் கிராமத்துக்குப் போனால் வயதானவர்களும் கோழிகளும்தான் இருப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பிடிக்க விடிந்ததும் போக வேண்டும், அல்லது மாலை ஐந்துக்கு மேல். விடியற்காலையில் போனாலும் அடுப்பு வேலை நடக்கும் வீட்டில் நாற்பது கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மாலைதான் நல்லது. அதற்கேற்ப அலுவலக நேரத்தை முன்பே மாற்றிக் கேளுங்கள். திரும்பி வரக் கடைசிப் பேருந்து எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிமுகம். நோட்டும் பேனாவுமாக நீங்கள் தெருவில் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "எந்த ஸ்கீமுக்கும்மா எழுதுறீங்க? ஆதார் கார்டு எடுத்துட்டு வரட்டுமா?" சிரித்து மழுப்பிவிட்டு எழுதத் தொடங்கினால், வீடோ கடனோ வரப்போகிறது என்று நம்பிப் பதில் சொல்வார்கள். பதிலும் கோணும், பிறகு களப்பணியாளர்தான் வசவு வாங்குவார். முதல் வாயிலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள்: "அம்மா, நாங்க காலேஜ்ல படிக்கிறோம். இந்த அக்கா ஆபீஸ்ல ஒரு மாசம் வேலை கத்துக்க வந்திருக்கோம். இதுல எழுதுறதால பணமோ வீடோ வராது. பதில் சொல்ல இஷ்டம் இல்லைன்னா வேணாம்மா." பாதிப் பேர் அப்புறமும் உட்காரச் சொல்வார்கள். ஆதார் எண்ணை, படிவத்தில் கேட்டிருந்தால் தவிர, எழுதாதீர்கள். கேட்டிருந்தாலும் எதற்கு என்று பொறுப்பாளரிடம் ஒருமுறை கேளுங்கள்.

தண்ணீர். குடிக்கிறீர்களா என்று கேட்டால் வாங்கிக் குடியுங்கள். ஊர்த்தெருவில் வாங்கிக் குடித்துவிட்டு, தலித் மக்கள் குடியிருப்பில் மட்டும் 'இப்பத்தான் குடிச்சேன்' என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினால், அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் மனதில் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமோ என்ற பயம் மட்டுமே இருந்திருக்கலாம். அது அவர்களுக்குத் தெரியாது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர் என்றால் டீ கேளுங்கள், கொதித்ததுதான்.

வருமானம். "மாசம் எவ்வளவு வருமானம்?" என்று கேட்டால், "அதெல்லாம் எங்க, ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். மாதச் சம்பளமே இல்லாத வீட்டில் அது பதில் சொல்ல முடியாத கேள்வி. உடைத்துக் கேளுங்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்தது? ஒரு நாள் கூலி எவ்வளவு? மழைக்காலத்தில் எப்படி? பெருக்கல் வேலையை அலுவலகத்துக்கு வந்து நீங்கள் செய்துகொள்ளலாம்.

வயது, ஆண்டு. 'எந்த வருஷம்?' என்று கேட்டால் பலருக்கு எண்ணாக வராது. எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் நிகழ்வைப் பிடியுங்கள். கடலூர், நாகை பக்கம் 2004 டிசம்பர் சுனாமி, 2011 கடைசியில் தானே புயல், 2018 நவம்பரில் கஜா. "சுனாமிக்கு மொத வருஷம் பெரியவ பொறந்தா" என்று சொன்னால் ஆண்டு கிடைத்துவிட்டது. உங்கள் பகுதிக்கு இப்படி ஐந்தாறு நிகழ்வைக் களப்பணியாளரிடம் கேட்டுப் படிவத்தின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கருவி. கைபேசியில் கணக்கெடுக்கப் பல நிறுவனங்கள் கோபோ டூல்பாக்ஸ் பயன்படுத்துகின்றன. சிக்னல் இல்லாத ஊரிலும் பதிவாகும். இணையம் கிடைத்ததும் அனுப்பிவிடலாம். அன்றன்று அனுப்புங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் அறுபது வீட்டுக்கும் திரும்பப் போக முடியாது. முழுக் கணக்கெடுப்புக்கு முன் நான்கைந்து வீட்டில் ஒத்திகை பாருங்கள். எந்தக் கேள்வியில் ஆட்கள் விழிக்கிறார்களோ அதை மாற்றிய பிறகுதான் மீதி.

கிராம சபை. உங்கள் காலத்துக்குள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவற்றில் ஒன்று வந்தால் அன்று ஊரில் இருங்கள். யார் பேசுகிறார்கள், யார் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்தாலே அறிக்கைக்கு இரண்டு பக்கம் தேறும். நீங்கள் எழுந்து பேச வேண்டாம்.

வாக்குக் கொடுக்காதீர்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். 'நான் பார்க்கிறேன் பாட்டி' என்று வாய் வந்துவிடும். "அக்காகிட்ட சொல்றேன் பாட்டி" என்பதோடு நிறுத்துங்கள், அன்று மாலையே சொல்லியும் விடுங்கள். கையிலிருந்து பணம் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் அடுத்த வீட்டில் கேட்பார்கள், நீங்கள் போன பிறகு களப்பணியாளரிடம் கேட்பார்கள்.

8. படமும் பிள்ளைகளும்

இல்லத்தில் இருக்கும் பிள்ளை, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளை, வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இன்ஸ்டாவில் செல்ஃபி போடுவதும் இதில் வரும். 'முகத்தில் ஸ்டிக்கர் வைத்தேன்' என்பார்கள்; பின்னால் இல்லத்தின் பெயர்ப்பலகை தெரியும்.

பெரியவர்களைப் படமெடுக்க அவர்களையே கேளுங்கள், எதற்கு, எங்கே வரும் என்று சொல்லி. தலையாட்டினால் போதாது, புரிந்ததா என்று பாருங்கள்.

ஒரு பிள்ளை உங்களிடம் வன்முறையையோ பாலியல் தொல்லையையோ சொன்னால் விசாரணை செய்யாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். கேளுங்கள், சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள், அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடமை இன்டர்னுக்கும் உண்டு. நிறுவனம் மூடி மறைக்கப் பார்த்தால் நீங்களே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம்.

9. அலுவலக வேலையைத் தட்டிக் கழிக்காதீர்கள்

களத்துக்குப் போனால்தான் இன்டர்ன்ஷிப் என்று பலர் நினைக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அலுவலகத்தில்தான் உயிர் போகும் அவசரம். நிதியாண்டு முடிந்து கணக்கு மூட வேண்டும், நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும், ஆண்டறிக்கையும் எழுத வேண்டும். ஒரு பான் எண்ணில் ஒரு எழுத்து தப்பினால் நன்கொடை கொடுத்தவருக்கு வரிச்சலுகை நின்றுவிடும், ஆண்டு முழுக்கத் தொலைபேசி வரும்.

வவுச்சர் சரிபார்க்கக் கொடுத்தால் இப்படிப் பாருங்கள்: தேதி இருக்கிறதா, எந்தத் திட்டத்துக்கான செலவு என்று எழுதியிருக்கிறதா, பில்லும் தொகையும் ஒத்துப்போகிறதா, வாங்கியவர், ஒப்புதல் கொடுத்தவர் இருவரின் கையெழுத்தும் இருக்கிறதா. 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும். ஆடிட்டர் முதலில் புரட்டிப் பார்ப்பது இதைத்தான். வெளிநாட்டு நிதியின் செலவு உள்நாட்டு நிதியோடு கலக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் நீங்களே திருத்தாதீர்கள், பென்சிலில் குறித்துக் கொடுங்கள்.

வேலையே தராமல் உட்காரவைத்தால்? முதல் மூன்று நாள் பொறுக்கலாம். நான்காம் நாள், 5ஆம் பகுதியில் சொன்ன மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு பொறுப்பாளரிடம் போய், "சார், இதில் எதை இன்று தொடங்கலாம்?" என்று கேளுங்கள். 'வேலை இல்லை' என்று புகார் சொன்னால் அவர் உங்களுக்காக யோசிக்க வேண்டும்; இப்படிக் கேட்டால் ஒன்றைக் காட்டினால் போதும்.

10. அறிக்கை, ஒப்படைப்பு, சான்றிதழ்

அறிக்கை இரண்டு எழுத வேண்டியிருக்கும். கல்லூரிக்கு அதன் வடிவத்தில் ஒன்று. நிறுவனத்துக்கு மூன்று நான்கு பக்கத்தில் இன்னொன்று: என்ன செய்தீர்கள், என்ன தெரிந்தது, எது பாதியில் நிற்கிறது. இரண்டாவதைத் தமிழில் எழுதுங்கள். களப்பணியாளர்கள் படிக்க வேண்டியது அது. தனிமனிதர் கதை எழுதினால் பெயரையும் ஊரையும் மாற்றுங்கள், முடிந்தால் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "எம் புருஷன் குடிச்சான்னு எழுதாத தம்பி" என்று சொன்னால் எடுத்துவிடுங்கள்.

அறிக்கையைக் கடைசி வாரத்தின் தொடக்கத்திலேயே கொடுங்கள். பொறுப்பாளர் படித்துத் திருத்தம் சொல்ல நேரம் வேண்டும். கடைசி நாள் மாலை கொடுத்தால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், அந்தக் கையெழுத்தால் உங்களுக்குப் பயனில்லை.

பிறகு ஒப்படைப்பு. கணக்கெடுப்புக் கோப்போடு ஒவ்வொரு தலைப்புக்கும் என்ன பொருள், 1 என்றால் ஆமா, 2 என்றால் இல்லை என்ற குறிப்பும் வேண்டும். அது இல்லாமல் விட்டுப்போன எக்செல் கோப்புகள் எங்கள் கணினியில் நிறையக் கிடக்கின்றன. யாராலும் படிக்க முடியாது. உங்கள் சொந்த டிரைவில் வைத்திருப்பதை நிறுவனக் கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றியதை அவர்கள் திறந்து பார்த்த பிறகு, உங்கள் கைபேசியில் இருக்கும் ஊர்க்காரர்களின் விவரங்களையும் படங்களையும் அழித்துவிடுங்கள். போகும்முன் களப்பணியாளரோடு ஒருமுறை ஊருக்குப் போய், நாளையிலிருந்து வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சான்றிதழின் வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து முன்கூட்டிக் கொடுக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். லெட்டர்ஹெட், முழுப்பெயர், பதிவெண், தொடங்கிய நாள், முடிந்த நாள், மொத்த மணி நேரம், செய்த வேலை ஒரு வரியில், கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும், சீல். மணி நேரம் விட்டுப்போனால் கல்லூரி திருப்பி அனுப்பிவிடும். கையெழுத்துப் போட வேண்டிய செயலாளரோ இயக்குநரோ எந்தெந்த நாள் ஊரில் இருப்பார் என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவையுங்கள். கல்லூரியின் மதிப்பீட்டுப் படிவத்தையும் அன்றே நீட்டிவிடுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு முறை பேருந்து ஏற வேண்டும்.